மொட்டைமாடியில் ஏழரைச் சனி: ஓராண்டு வான்பார்த்த அனுபவம்

2024 புரட்டாசியில் தொடங்கி மறு புரட்டாசி வரை சனிக் கோளை வெறுங்கண்ணால் தொடர்ந்து பார்த்து, அது எந்த நட்சத்திரத்தின் அருகில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தேன். கூடவே, நம்முடைய பௌர்ணமித் திருவிழாக்கள் எந்தெந்த விண்மீனின் பெயரால் வழங்குகின்றனவோ, அவற்றையும் அந்தந்த மாதத்தில் தேடிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். தொலைநோக்கி கிடையாது. பத்து மடங்கு பெரிதாக்கும் பழைய பைனாக்குலர், திருக்கணிதப் பஞ்சாங்கம், செல்போனில் விண்மீன்களின் இடத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலி, தென்காசியில் எங்கள் வீட்டு மொட்டைமாடி, இவ்வளவுதான் முதலீடு.

இதில் இறங்கியதற்குக் காரணம் ஆர்வம் என்பதைவிட எரிச்சல் என்று சொல்வதே பொருத்தம். சென்னையில் நான் கணக்கு வேலை பார்த்த நிறுவனம் எங்கள் பிரிவை மூடிவிட்டதால் ஊருக்குத் திரும்பியிருந்தேன். ஆவணியில் அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகு தார்சாவில், அதாவது வீட்டு முன்கூடத்தில், கட்டிலோடு கிடந்தார். என் ராசி மீனம். "உனக்கு ஏழரை நடக்குல்லா, அதான் ஒண்ணு மாத்தி ஒண்ணு வருது. இப்பம் விரயச் சனி, பங்குனியில இருந்து ஜென்மச் சனி. ஒரு நட திருநள்ளாறு போயிட்டு வந்திரு" என்று அத்தை வரும்போதெல்லாம் சொல்லுவார்கள். சோதிடத்தை நம்பலாமா, கூடாதா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. என்னை உறுத்தியது வேறு. ஏழரை ஆண்டுக் காலம் என்னை ஆட்டிப்படைப்பதாகச் சொல்லப்படும் அந்தக் கோள் வானத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்பது எனக்கும் தெரியாது, சொல்லுகிற அத்தைக்கும் தெரியாது.

கண்டுபிடிப்பது எளிதாகவே இருந்தது. புரட்டாசி மாதம் இரவு எட்டு மணி அளவில் கிழக்கு வானத்தில் நான்கு விண்மீன்கள் ஒரு பெரிய சதுரமாக நிற்கும். அதன் மேற்குப் பக்கத்து இரண்டும் பூரட்டாதி, கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. பூரட்டாதிப் பக்கத்துக் கோட்டைத் தெற்கே நீட்டிக்கொண்டு போனால், அந்த வட்டாரத்தில் வேறு பிரகாசமான மீன் எதுவும் இல்லாத வெற்றிடத்தில், லேசான மஞ்சள் நிறத்தில், கண்சிமிட்டாத ஒரு புள்ளி இருந்தது. செயலியைத் திறந்து சரிபார்த்தேன், சனியேதான். பஞ்சாங்கத்திலும் அப்போது சனி பூரட்டாதியில் என்றுதான் போட்டிருந்தது. அச்சில் வெறும் எழுத்தாகப் பார்த்துப் பழகிய ஒரு சேதி மேலே அதே இடத்தில் நிற்பதைக் கண்டபோது ஏற்பட்டதைப் பக்தி என்றும் சொல்ல முடியாது, பயம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அளப்பதற்குக் கைமுட்டி போதும். கையை முழுக்க நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. முதல் சில வாரங்கள் சனி அசைந்ததாகவே தெரியவில்லை. பிறகு பைனாக்குலரில் பக்கத்து மங்கலான மீன்களோடு ஒப்பிட்டுக் கோடு போட்டுப் பார்த்தால், அது கிழக்கே நகர்வதற்குப் பதிலாக மேற்கே பின்வாங்கிக்கொண்டிருந்தது. இதைத்தான் பஞ்சாங்கம் வக்கிரம் என்கிறது. நாம் போகும் ரயில் பக்கத்துத் தண்டவாளத்துச் சரக்கு ரயிலை முந்தும்போது அது பின்னால் போவதுபோலத் தோன்றும் அல்லவா, அதே கணக்கில் உள்வட்டத்தில் விரைவாகச் சுற்றும் பூமி சனியை முந்தும் ஏறத்தாழ நாலரை மாதக் காலம் ஒவ்வோர் ஆண்டும் இப்படித் தெரியும். 2024இல் இது நவம்பர் நடுவில் முடிந்தது.

இந்த ஓராண்டில் என் மனத்தை உண்மையாகவே மாற்றிய கணக்கு ஒன்று உண்டு. அதை எந்த நூலும் பார்க்காமல், நிலவையும் சனியையும் அடுத்தடுத்த பக்கங்களில் குறித்ததால் மட்டுமே பிடித்தேன். நிலவு ஒரு நாளில் ஏறத்தாழ 13 பாகை கிழக்கே நகர்கிறது. சனி ஓர் ஆண்டில் ஏறத்தாழ 12 பாகை நகர்கிறது. அதாவது நிலவின் ஒரு நாள் நடை சனிக்கு ஒரு வருடம். நிலவு ஒரு ராசியை இரண்டேகால் நாளில் கடக்க, சனிக்கு அதற்கு இரண்டரை ஆண்டு ஆகிறது. எனவே என் ராசியான மீனம், அதற்கு முந்தைய கும்பம், அடுத்த மேஷம் என்ற மூன்று ராசிகளை, சனி ஏழரை ஆண்டில் கடக்கும் அதே பாதையை, நிலவு ஒவ்வொரு மாதமும் ஏழு நாளுக்குள் நடந்து முடித்துவிடுகிறது. பாதையும் அதே, பின்னணியில் உள்ள மீன்களும் அவையே. இதைக் கண்டபிறகு, அம்மாவின் பிசியோதெரபி எப்போது முடியும் என்று வாரந்தோறும் மருத்துவரைக் குடைந்தெடுத்த என் வழக்கம் தானாகவே குறைந்தது. எலும்பு கூடுவது நிலவின் நடையல்ல என்று எனக்குள் சொல்லிக்கொள்ள ஓர் அளவுகோல் கிடைத்திருந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து எல்லாவற்றையும் மூடியது. தென்காசிக்காரர்களுக்கு வானம் ஆண்டில் இரண்டு முறை அடைபடும். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல், பிறகு இந்த மழை. கார்த்திகைத் தீபத்தன்று, பௌர்ணமி நிலவு கார்த்திகை மீன்கூட்டத்தின் அருகில் வருவதைப் பார்க்கவேண்டும் என்று வெகுவாக எதிர்பார்த்திருந்தேன். 2024 டிசம்பர் 13 அந்த நாள். எங்கள் பகுதியில் பேய்மழை. குற்றாலத்து அருவிகளில் வெள்ளம் புரண்டது. அதே இரவுதான் ஜெமினிட் எரிகற்பொழிவின் உச்சமும். வாசலில் ஏற்றிய அகல் ஒன்றுகூட நிற்கவில்லை. அம்மா கட்டிலில் இருந்தபடியே, "வெளக்க உள்ள கொண்டு வந்து வையிய்யா, அது பாட்டுக்கு எரியட்டும்" என்றார். தார்சாவில் சுவரோரமாக வரிசையாக வைத்தோம்.

மழை தணிந்த ஒரு தேய்பிறை இரவில்தான் கார்த்திகையைப் பார்த்தேன். அதற்குள் இன்னொன்றும் புரிந்திருந்தது. மாதம் என்பது சூரியன் நிற்கும் ராசி. பௌர்ணமி நிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். சூரியன் விருச்சிகத்தில் இருக்கும் கார்த்திகை மாதத்தில் நிலவு எதிரேயுள்ள ரிஷபத்தில் கார்த்திகை மீனருகே நிறைந்துதான் ஆகவேண்டும். மார்கழியில் திருவாதிரை, தையில் பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம், சித்திரையில் சித்திரை என்று எல்லாம் இந்த ஒரே ஏற்பாடு. ஆனால் திருவிழா நாளில் நிலவொளியே அந்த மீனை மங்கடித்துவிடுகிறது. பூசத்தில் இது மிகவும் மோசம். அங்கே உள்ள மீன்களும் பக்கத்திலுள்ள மீன்கொத்தும் இயல்பிலேயே மங்கலானவை என்பதால் தைப்பூசத்தன்று பைனாக்குலரில்கூடத் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்தன. முருகன் கோயிலில் காவடி பார்த்துத் திரும்பிய கையோடு மாடியேறி ஏமாந்து, அடுத்த அமாவாசை வரை காத்திருந்து பார்த்தபோது, வெறுங்கண்ணுக்குப் புகைபோல் இருந்த இடத்தில் பைனாக்குலருக்குள் பொடிப்பொடியாக மீன்கள் தெறித்துக் கிடந்தன. விழாவை ஒரு நாளும் அதன் மீனை வேறொரு நாளும் கொண்டாடுவது என்று அதிலிருந்து வழக்கமாயிற்று.

மார்கழியைப் பற்றி விரித்து எழுத ஆசை. எங்கள் ஊர் அட்சரேகை ஏறத்தாழ 9 பாகை என்பதால், திருவாதிரை என்ற அந்தச் சிவந்த பெருமீன் உச்சியை ஒட்டியே கடந்துபோகிறது. கழுத்தை நன்றாக அண்ணாந்தால்தான் பார்க்க முடியும். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது கண்கூடாக மங்கி, வெடித்துவிடுமோ என்று உலகமே பேசி, பின்பு அது உமிழ்ந்த தூசிதான் மறைத்தது என்று முடிந்த கதை பலருக்கு நினைவிருக்கும். தெற்கே, அதே நேரத்தில், அகத்தியர் மீன் கைமுட்டி மூன்றின் உயரத்தில் நின்றது. விடியலில் திருப்பாவை ஒலிபெருக்கியில் வரும்போது நான் மாடியில்தான் இருந்தேன். வெள்ளி எழுந்ததையும் வியாழன் உறங்கியதையும் ஆண்டாள் ஒரே வரியில் வைத்ததைக் கொண்டு தமிழறிஞர் மு. இராகவையங்கார் அவர் காலத்தைக் கணிக்க முயன்ற செய்தியைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் தோழியை எழுப்பினார் என்பதை அப்போது நான் கவனித்ததில்லை. அந்த மார்கழியில் விடியலில் வெள்ளி இல்லை. அது மாலை வானத்தில், மேற்கே மலைக்கு மேல் இருந்தது.

தை 5 வாக்கில் அந்த வெள்ளிக்கு இரண்டு விரல் தள்ளிச் சனி நின்றது. அம்மா வாக்கர் பிடித்து முற்றம் வரை வரத் தொடங்கியிருந்த சமயம். வெள்ளியைக் காட்டி, அதை ஒட்டி மங்கலாக இருப்பதுதான் சனி என்றேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா? இதுக்கா ஒங்க அத்தை இந்தப் பாடு படுத்துதா?" என்று கேட்டுச் சிரித்தார். விழுந்தபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல்முறை.

பங்குனியில் வேடிக்கை ஒன்று நடந்தது. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி. தொலைக்காட்சியிலும் செய்தித்தாளிலும் அதே பேச்சு. பழைய சூத்திரங்களைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி அது 2026இல்தான் என்று திருநள்ளாற்றுக் கோயில் தரப்பு விளக்கம் சொல்லவேண்டி வந்தது. ஆனால் மேலே பார்த்தால் சனியே இல்லை. மார்ச் 12 வாக்கில் சூரியனோடு சேர்ந்து அஸ்தங்கமாகி, அதாவது அதன் ஒளியில் மறைந்துவிட்டதால், எல்லோரும் அதை எண்ணி நடுங்கிய நாளில் அதை ஒருவராலும் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அன்று அத்தையிடம் இன்னொரு கணக்கையும் சொன்னேன். சனி ஒரு சுற்று வர 29½ ஆண்டு. அது முன்பு இதே இடத்தில் இருந்தது 1995, 96 வாக்கில். கெடுதல் தரும் என்கிற என் முதல் ஏழரையான அந்த மங்கு சனியில்தான் எனக்கு வேலை கிடைத்தது. நல்லது தரும் என்கிற இரண்டாம் சுற்றான இந்தப் பொங்கு சனியிலல்லவா அது போயிருக்கிறது? அத்தை அசரவில்லை. "அது குடுத்துட்டு எடுக்கும், எடுத்துட்டுக் குடுக்கும். நீ போயிட்டு வா" என்றார்கள். நானும் போய்வந்தேன். நளதீர்த்தத்தில் குளித்து, எள் விளக்கு ஏற்றிவிட்டு வெளியே வரும்போது வேலை வேண்டும் என்று கேட்க மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது; திரும்பிப் போய்க் கேட்கத் தோன்றவில்லை.

சித்திரை 12 விடியற்காலையில் மெல்லிய பிறைக்கும் வெள்ளிக்கும் அருகே சனி மறுபடி கிழக்கில் தலைகாட்டியது. தையில் மாலையில் பார்த்த அதே இணை இப்போது விடியலில். அதன்பிறகு ஆனி, ஆடி முழுவதும் சாரல். ஆடி 27 விடியலில் வெள்ளியும் வியாழனும் ஒட்டி நின்றதைப் பார்க்க முடியாமல் போனதைப்பற்றி நோட்டில் "மேகம்" என்று ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. முந்தைய கார்த்திகையில் இதே ஏமாற்றத்துக்குப் பக்கம் பக்கமாகப் புலம்பி வைத்திருக்கிறேன்.

ஆவணி 22, செப்டம்பர் 7 அன்று முழுச் சந்திரகிரகணம். இரவு 11 மணியிலிருந்து 12.22 வரை நிலவு முழுதாகச் செம்பு நிறத்தில் நின்றது. பௌர்ணமியின் வெளிச்சம் வடிந்ததும் ஓராண்டாக நான் நாடியது கிடைத்தது: நிறைந்த நிலவும், அதன் கிழக்கே சனியும், மேலே நான்கு மீன் சதுரமும் ஒரே பார்வையில். அம்மாவால் மாடியேற முடியாது. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

புரட்டாசி 5, செப்டம்பர் 21, மகாளய அமாவாசை. சனி சூரியனுக்கு நேர் எதிரே வந்ததும் அன்றுதான். காலையில் குற்றாலத்தில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, இரவு கைமுட்டியை நீட்டி அளந்தேன். பூரட்டாதிப் பக்கத்துக்குக் கீழே இருந்தது உத்திரட்டாதிப் பக்கத்துக்குக் கீழே வந்திருந்தது. ஒரு முட்டியும் கொஞ்சமும். இந்த ஓராண்டில் எனக்கு நிலையான வேலை அமையவில்லை. நான்கைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அம்மா கைத்தடியோடு காசி விசுவநாதர் கோயில் வாசல் வரை வருகிறார். சன்னிதியில் நின்று பட்டியல் போட்டுக் கேட்ட நான், இப்போது பெரும்பாலும் கேட்காமல் நின்றுவிட்டு வருகிறேன். இதற்கு வானம்தான் காரணமா, வயதா என்று பிரித்துச் சொல்ல வரவில்லை.

அடுத்த வேலை வியாழன். இதை எழுதும் 2025 ஐப்பசியில் அது புனர்பூசத்தின் இரட்டை மீன்களுக்கு அருகில் இருக்கிறது. ஏறத்தாழ 12 ஆண்டில் ஒரு சுற்று வரும் அது சிம்மத்தில் இருக்கும்போது, 2028 மாசியில், கும்பகோணத்தில் மகாமகம். அதுவரை அதைக் குறித்துக்கொண்டே போய் மகாமகக் குளத்தில் குளிப்பது என்று திட்டம். தொடங்க நினைப்பவர்கள் பைனாக்குலரை முதலில் வாங்கவேண்டாம். ஒரு மாதம் நிலவை மட்டும் அன்றன்று எந்த மீனருகில் என்று பார்த்தால் போதும், 27 நட்சத்திரமும் பழகிவிடும். வாங்கினால், எங்கள் ஊர்போல ஈரமான இடத்தில் இருப்பவர்கள் அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். என்னுடையதில் இடதுபக்க லென்ஸில் பூஞ்சை படர்ந்துவிட்டது. சுத்தம் செய்ய மதுரைக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், எப்படியும் தை வரை மேகம்தான்.