மூன்று காகிதங்களும் ஒரு குறட்டைச் சத்தமும்

அமெரிக்காவில் ஒரு மாநிலச் சுகாதாரத் துறையில், ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகளை அளவு மீறி எடுத்து இறந்தவர்களின் ஆவணங்களைச் சேர்த்துப் பதியும் வேலை எனக்குத் தரப்பட்டது. இறப்புச் சான்றிதழ், மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை, நச்சுப் பரிசோதனை முடிவு ஆகிய மூன்றும் ஒருவருடையவைதாம் என்று உறுதிசெய்த பிறகே எதையும் பதிய முடியும். நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையமான சிடிசி 2016-இல் 12 மாநிலங்களில் தொடங்கிய முறை இது.

மூன்றும் சேர்ந்து வருவதில்லை. ஆய்வகம் முடிவு சொல்லப் பல வாரங்கள் ஆகும். அதுவரை சான்றிதழில் காரணம் 'விசாரணையில்' என்றே இருக்கும். பிறகும் சில சான்றிதழ்களில் 'பல மருந்துகளின் நச்சு' என்று எழுதி முடித்துவிடுவார்கள். மருந்தின் பெயர் இல்லாததால் அது இறப்புக் காரணங்களுக்கான குறியீடுகளில் T50.9 என்ற பொதுக் குறியீட்டில் விழுந்து, ஓபியாய்டு கணக்கிலேயே வராது. ஆய்வகத் தாளைப் பிரித்தால் அங்கே ஃபென்டனில் இருக்கும். ஹெராயின் இன்னும் சிக்கலானது. உடலில் அது விரைவில் மார்பினாகச் சிதைந்துவிடுவதால், இடையில் உருவாகும் 6-மோனோஅசிட்டைல்மார்பின் அகப்பட்டால்தான் ஹெராயின் என்று துணிந்து சொல்லலாம்.

தொடக்கத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் கொண்டு கணினியையே பொருத்தச் சொன்னேன். இரட்டைக் குடும்பப்பெயர் ஒன்று ஓர் ஆவணத்தில் இடைக்கோட்டுடனும் மற்றொன்றில் இல்லாமலும் இருந்ததால், ஒரே மனிதரை இரண்டு மரணங்களாக எண்ணிவிட்டேன். உடன் பணியாற்றிய அம்மையார் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து, பொருந்தாமல் நிற்பவற்றைக் கையால்தான் சரிபார்க்கிறேன்; சலிப்பான வேலைதான், ஆனால் வேறு வழியில்லை.

தடுப்புக்கு உதவும் செய்தி பெரும்பாலும் விசாரணை அறிக்கையில்தான் இருக்கிறது. அண்மையில் சிறையிலிருந்து வந்தவரா, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்சோன் மருந்து கொடுக்கப்பட்டதா என்பதையெல்லாம் அதிலிருந்தே எடுக்கிறோம். சிறையில் இருக்கும் காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், வெளியே வந்து பழைய அளவையே எடுப்பவர் இறக்கும் ஆபத்து மிக அதிகம். மாசசூசெட்ஸ் மாநிலம் 2015-இல் ஓபியாய்டு மரணங்களை ஆராயவென்று சட்டம் இயற்றி, இறப்புப் பதிவுகளைச் சிறைப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தது.

ஓர் அறிக்கை மறக்கவில்லை. பக்கத்து அறையில் இருந்த உறவினர், 'இரவெல்லாம் பலமாகக் குறட்டை விட்டார், நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்தேன்' என்று கூறியிருந்தார். மூச்சு அடங்கிவருவதன் அடையாளம் அது. அலமாரியில் ஒரு நலோக்சோன் தெளிப்பான் இருந்திருந்தாலும், தூக்கம் என்றே நினைத்த அந்த உறவினர் அதை எடுத்திருக்கமாட்டார். படிவத்தில் 'அருகில் ஆள் இருந்தாரா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று குறித்தேன். குறட்டைக்குக் கட்டம் இல்லாததால், அதைக் கீழே விவரிப்புப் பகுதியில் எழுதிவைத்தேன்.