1918 வெள்ளி ரூபாய்: தேய்மானம் பார்த்துத் தரம் போட்ட அனுபவம்

மேலூர்ப் பக்கம் அப்பத்தா வீட்டுத் தகரப்பெட்டியிலிருந்து இரண்டு வெள்ளி ரூபாய் கிடைத்தது. இரண்டும் ஐந்தாம் ஜார்ஜ், இரண்டும் 1918. ஒன்று கருத்துச் சாம்பல் பூத்திருக்கிறது, மற்றது பளபளவென்று மின்னுகிறது. எது நல்ல காசு என்று வீட்டில் கேட்டால் எல்லாரும் மின்னுவதைத்தான் எடுத்துக் காட்டினார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தபின் என் தீர்ப்பு கருத்த காசுக்கே.

1918 அரிதான வருஷம் இல்லை. முதல் உலகப்போரில் இங்கே வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டு, தன் வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவின் தேவைக்காக பிரிட்டனுக்கு விற்றது. கல்கத்தா, பம்பாய் இரண்டு அக்கசாலையிலும் ஏராளமாக அடித்தார்கள். மறுபக்கம் அடியில் உள்ள தாமரைக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய். என்னிடம் இருப்பவை இரண்டுமே பம்பாய். இப்படி நிறையக் கிடைக்கிற காசில் விலையை முடிவு செய்வது அதன் நிலைதான்.

முதலில் வெளிச்சம். டியூப் லைட்டுக்குக் கீழே எல்லாக் காசும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கைச் சாய்வாக வைத்து, காசை விளிம்பில் பிடித்து மெல்லத் திருப்பினேன். அப்போதுதான் மேடு பள்ளம் பிரிந்து தெரிந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும்.

தேய்மானம் எப்போதும் மேட்டில்தான் தொடங்கும். ஜார்ஜ் தலையில் நான் பார்க்கும் இடங்கள் கிரீடத்தின் அடிப்பட்டையில் உள்ள முத்துகள், புருவம், மீசை நுனி, காதின் மேல்மடிப்பு, பிறகு மார்பில் தொங்கும் யானை. இந்த யானைக்கு ஒரு கதை உண்டு. 1911-ல் வந்த முதல் காசில் துதிக்கை குட்டையாக இருந்ததால் பார்ப்பவர்களுக்குப் பன்றி போலத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பவே, 1912-லிருந்து துதிக்கையைத் திருத்தி அடித்தார்கள். தரம் பார்ப்பவருக்கு அந்த யானை நல்ல அளவுகோல். கருத்த காசில் யானையின் உடலும் துதிக்கையும் தெளிவாக நிற்கின்றன, காதுக்கோடு மட்டும் மழுங்கிவிட்டது. கிரீட முத்துகளில் நடுவில் உள்ளவை ஒட்டினாற்போல் ஆகிவிட்டன, ஓரத்தில் உள்ளவை தனித்தனியாக எண்ண வருகின்றன. புருவம் தேய்ந்திருக்கிறது, மறையவில்லை.

மறுபக்கம் இதைவிட நன்றாக இருக்கிறது. இலைகளின் நடுநரம்பு தெரிகிறது. எழுத்துகளின் இடுக்கில், விரல் படாத மூலைகளில், அச்சிலிருந்து வந்தபோது இருந்த மினுமினுப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. காசைத் திருப்பினால் அந்த ஒளியும் நகர்கிறது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகத் தரம் போட்டுவிட்டு, காசுக்குத் தாழ்ந்த பக்கத்தின் தரத்தையே வைத்துக்கொள்வது என் பழக்கம்.

மின்னும் காசில் மேடுகள் இன்னும் கூர்மை. முத்துகள் எல்லாம் எண்ணலாம். ஆனால் சாய்ந்த வெளிச்சத்தில் முகம் முழுக்க மெல்லிய கீறல்கள், ஒரே திசையில். அப்பத்தாவிடம் கேட்டேன். "பூசைக்கு வைக்கிற காசுப்பா, வருசா வருசம் துண்ணூறு போட்டு வெளக்கிருவேன்" என்றார். வெள்ளிக் குத்துவிளக்குக்குத் திருநீறு சரி. காசின் மேல்தோலை அது அரித்துவிடும். அந்த மினுக்கம் காசைத் திருப்பினாலும் நகராமல் தட்டையாக நிற்கிறது. எழுத்து இடுக்கில் அழுக்கு வெள்ளையாக உறைந்திருக்கிறது. போன மேல்தோலைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை, அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. கருப்பு அப்படியல்ல. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிகிற படலம்தான் அது. நூறு வருஷத்தில் தானாக வந்தது, அப்படியே இருக்கட்டும்.

விளிம்பையும் சுற்றிப் பார்க்க வேண்டும். நம் ஊரில் ரூபாயைக் காசுமாலையில் கோத்தவர்கள் நிறையப் பேர். கொக்கி பற்றவைத்த இடத்தில் ஈயக்கறையோ அரம் போட்ட தடமோ இருக்கும், வரிக்கோடுகள் அந்த இடத்தில் மட்டும் அழிந்திருக்கும். இரண்டிலும் அது இல்லை. தெற்காவணி மூல வீதியில் தெரிந்த பட்டறையில் எடை போட்டோம். புதிதாக 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. கருத்தது 11.57 நின்றது. தேய்மானத்துக்குப் பொருந்துகிற குறைவு.

ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-ல் பழைய செப்பு சென்ட்களுக்காக வகுத்த 1 முதல் 70 வரையான எண் அளவைத்தான் இன்று உலகில் பல இடங்களில் மற்றக் காசுகளுக்கும் வைக்கிறார்கள். எண் கூடக் கூட நிலை நல்லது. அதில் வெரி ஃபைன் என்ற தரம் 20-ல் தொடங்கும், அதற்கு மேலான எக்ஸ்ட்ரா ஃபைன் 40-ல். கருத்ததன் தலைப்பக்கம் 30, மறுபக்கம் 40. ஆகவே உறையில் வெரி ஃபைன் 30 என்று எழுதினேன். மின்னுவதற்கு எண் போடவில்லை; "எக்ஸ்ட்ரா ஃபைன் அளவு விவரம், தேய்த்து விளக்கியது" என்று மட்டும் எழுதினேன். சான்றிதழ் தரும் நிறுவனங்களும் விளக்கிய காசுக்குப் பொதுவாக எண் தருவதில்லை.

அடுத்து ஏழாம் எட்வர்ட் ரூபாய். கிரீடமே இல்லாத வெறுந்தலை என்பதால் முத்துகளை நம்ப முடியாது. காதுக்கு மேலுள்ள முடியிழைகளிலிருந்து தொடங்கப் போகிறேன்.