ஒற்றைக் காது நாட்குறிப்பு

மார்ச் 4

கேட்காமல் போன இடக்காதுக்கு மாத்திரை தொடங்கியாயிற்று. அதில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை.

மார்ச் 5

கைபேசியில் ‘மோனோ ஆடியோ’ என்றொரு வசதி இருக்கிறது. இரு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து, நல்ல காதுக்கே அனுப்பிவிடுகிறது. அதில் முதலில் கேட்டது ஜப்பானியத் தாளவாத்தியக் கலைஞர் மிதோரி தகாதாவின் ‘த்ரூ த லுக்கிங் கிளாஸ்’. மரிம்பா என்னும் மரக்கட்டை வாத்தியம், மணிகள், ஒக்கரினா என்னும் சிறு ஊதுகருவி தொடங்கிக் குளிர்பானப் புட்டி வரை அனைத்தையும் அவர் ஒருவரே வாசித்து, நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, இரண்டே நாளில் முடித்த எல்பி இசைத்தட்டு அது. 1983-இல் ஜப்பானில் வெளிவந்தது. ‘கிராஸிங்’ பகுதியில் தனித்தனியே நின்று ஒன்றையொன்று துரத்தும் மரிம்பா அடுக்குகள் இன்று ஒரே இடத்தில் நெரிந்து கிடந்தன. ஆயினும் தாளக் கோப்பு குலையவில்லை. ஓர் அடுக்கின் அடி மற்றோர் அடுக்கின் இடைவெளியில் விழுவதை அறிய ஒரு காது போதும்.

மார்ச் 6

தூக்கம் வரவில்லை. மாத்திரையின் வேலை என்கிறார்கள். தகாதா இரண்டே நாளில் எப்படி முடித்தார்?

மார்ச் 8

தகாதாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: யூடியூபின் பரிந்துரைப் பட்டியல் அவரைத் தூக்கிவந்து உலகின் முன் நிறுத்தியது, 2017-இல் நியூயார்க்கின் பால்டோ ஃப்ளாட்ஸும் ஜெனீவாவிலிருந்து இயங்கும் மற்றொரு சிறு நிறுவனமும் சேர்ந்து மறுபதிப்புக் கொண்டுவந்தன, அதன்பின் அவர் மீண்டு வந்தார். இந்தக் கதை எனக்கு எரிச்சலூட்டுகிறது. அவர் எங்கும் தொலைந்து போகவில்லை. 1981-இல் ம்குவாஜு என்னும் தாளவாத்தியக் குழுவில் வாசித்தார். பிற்காலத்தில் திரையிசையில் பெரும்புகழ் பெற்ற ஜோ ஹிசாய்ஷிதான் அந்தப் பதிவின் தயாரிப்பாளர். 1990-இல் பியானோக் கலைஞர் மசாஹிகோ சாத்தோவுடன் ‘லூனார் குரூஸ்’ வெளியிட்டார். இயக்குநர் ததாஷி சுசுகியின் நாடக மேடையில் இசையமைத்து வாசித்தார். கடையில் கிடைக்காமல் போனது ஒரு தட்டு. அதற்காக, அதை வாசித்தவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருட்டில் உட்கார்ந்திருந்ததாக நாம் எழுதிக்கொள்கிறோம். அப்படி எழுதினால்தான் கேட்பவருக்குக் கண்டெடுத்த பெருமை கிடைக்கும் போலும்.

இன்று ஏன் இவ்வளவு கோபம் என்று அண்ணி கேட்டார். இதுவும் மாத்திரைதான் என்றேன்.

மார்ச் 9

காதுக்குள் ஊசி போடுவது பற்றி மருத்துவர் பேசத் தொடங்கியிருக்கிறார்.

மார்ச் 11

ஜப்பானிய இசையமைப்பாளர் ஹிரோஷி யோஷிமுராவை நாள் முழுவதும் மெல்லிய ஒலியில் ஓடவிட்டேன். ‘மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்’ 1982-இல் வந்தது. டோக்கியோவின் ஹாரா நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கூடங்களில் முதலில் ஒலித்தது. கேட்டவர்கள் விரும்பியதால் பின்னர் விற்பனைக்கு வந்தது. ஒரு மின்பியானோ, சில சிறிய இசைத்துணுக்குகள், அவற்றின் திரும்பத் திரும்ப வரும் நடை, அவ்வளவுதான். ஒற்றைக் காதில் கேட்டாலும் இதில் எதுவும் குறையவில்லை. அறையின் ஏதோ ஒரு மூலையிலிருந்து வந்தால் போதும் என்றே அமைந்த இசை.

இவை ஏன் கவனிக்கப்படாமல் போயின என்ற கேள்விக்கு எனக்குக் கிடைக்கும் விடை, இவை இசையாகக் கடைக்கு வந்ததே குறைவு என்பதுதான். யோஷிமுராவின் ‘ஏர் இன் ரிசார்ட்’ 1984-இல் ஷிசெய்டோ என்னும் அழகுப்பொருள் நிறுவனத்துக்காகவும், ‘சரவுண்ட்’ 1986-இல் மிசாவா ஹோம்ஸ் என்னும் வீடு கட்டும் நிறுவனத்துக்காகவும் உருவானவை. பணம் பொங்கிய அந்தப் பத்தாண்டில் நிறுவனங்கள் வாசனைக்கும் சுவருக்கும் துணையாக இசையைச் செய்யச் சொன்னார்கள். துணைப்பொருளை எவர் பாதுகாத்து வைப்பார்?

‘நைன் போஸ்ட் கார்ட்ஸ்’ தட்டை வெளியிட்ட சதோஷி அஷிகாவா மறு ஆண்டே சாலை விபத்தில் இறந்தார். யோஷிமுரா 2003-இல் இறந்தார். அமெரிக்க மறுபதிப்பு 2017-இல். அருங்காட்சியகமும் 2021 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது. இந்த வரிசையைத்தான் இரவெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சிகிச்சையைத் தொடங்குவதற்குக் காலக்கெடு உண்டு என்று மருத்துவர் சொன்னதிலிருந்து எல்லா ஆண்டுகளும் எனக்குக் கெடுவாகவே தெரிகின்றன.

மார்ச் 13

உலகம் தேடி வந்தபோது உயிரோடு இருந்து, கணக்கு சரியாக வந்த ஒருவரும் இருக்கிறார். பெவர்லி க்ளென்-கோப்லண்ட் கனடாவின் ஒண்டாரியோவில், ஹண்ட்ஸ்வில் என்னும் சிற்றூரில், யமஹா டிஎக்ஸ்7 என்னும் சின்தசைசர், ரோலண்ட் டிஆர்-707 என்னும் தாளப்பெட்டி ஆகிய இரண்டையும் கொண்டு 1986-இல் ‘கீபோர்டு ஃபேன்டஸீஸ்’ செய்தார். ஏறத்தாழ 200 கேசட்டுகள் மட்டும் போட்டார். அவற்றிலும் சிலவே விற்றன. 2015-இல், ஜப்பானிலிருந்து இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர், மீதி இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதினார். எழுபது வயதைத் தாண்டியவர் பிறகு ஐரோப்பிய மேடைகளில் இளையோர் குழுவுடன் பாடினார். ஒரு பெட்டியில் கேசட்டுகள் மிச்சம் இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். நான் எதையும் மிச்சம் வைக்காதவன்.

மார்ச் 14

ஊசி போட்டார்கள். தலைசுற்றல். இசை வேண்டாம்.

மார்ச் 16

சரண்ஜித் சிங்கின் தட்டு. மும்பைத் திரையிசைக் குழுக்களில் கிதார் வாசித்தவர், 1982-இல் ரோலண்ட் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 ஆகிய மின்னிசைப் பெட்டிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோத் தாளத்தில் பதிந்தார். அதே டிபி-303-இன் ஒலியில் பிறந்த ஆசிட் ஹவுஸ் என்னும் நடன இசைத் தட்டுகள் சிகாகோவில் வெளிவந்ததோ 1987 அளவில். இதையும் ஒரு வெளிநாட்டவரே, நெதர்லாந்தைச் சேர்ந்த சேகரிப்பாளர், 2002-இல் டெல்லியில் கண்டெடுத்தார், மறுபதிப்பு 2010. சிங்குக்கும் கணக்கு சரியாகத்தான் வந்தது, இறப்பதற்குள் ஐந்து ஆண்டுகள் கிடைத்தன. மால்கௌன்ஸ், அதாவது நம் இந்தோளம், ஒரு பெட்டியின் குமிழ்களுக்குள் இவ்வளவு பிடிவாதமாக நிற்கும் என்று நான் எண்ணியதில்லை.

மோனோவை நிறுத்திவிட்டு ஹெட்ஃபோனை இரு காதுக்கும் மாட்டிக் கேட்டபோது இடப்பக்கம் கீழ்ச்சுருதியில் ஏதோ தட்டுப்பட்டது. மண்டையோட்டின் அதிர்வாகவும் இருக்கலாம். வலக்காது ஏமாற்றுவதாகவும் இருக்கலாம். வலப்பக்கத்தைப் பஞ்சால் அடைத்து, அதே ராகத்தை மறுபடி போட்டுப் பார்க்கப் போகிறேன்.