பார்வை மங்கிய பின் தோன்றும் உருவங்கள்

முதுமையில் பார்வையைப் பெருமளவு இழந்தவர்களுக்குச் சில வேளைகளில், எதிரே இல்லாத மனிதர்களும் விலங்குகளும் வலைப்பின்னல் போன்ற வடிவங்களும் துல்லியமாகத் தெரிவதுண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் சார்லஸ் பொனே, கண்புரையால் பார்வை குன்றியிருந்த தம் பாட்டனார் கண்ட இத்தகைய காட்சிகளை 1760இல் பதிவு செய்தார். இந்நிலை இன்றும் பொனேயின் பெயராலேயே அறியப்படுகிறது. பாட்டனாருக்கு அப்போது வயது தொண்ணூறை நெருங்கியிருந்தபோதிலும், அவருடைய அறிவு தெளிவாகவே இருந்தது.

விழித்திரையிலிருந்து வரும் செய்திகள் குறையும்போது, மூளையின் பார்வைப் பகுதி ஓய்ந்துவிடாமல் தானாகவே கிளர்ந்து உருவங்களைப் படைக்கிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். 1998இல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வொன்றில், வண்ணங்கள் தோன்றியபோது வண்ணங்களை உணரும் பகுதியும், முகங்கள் தோன்றியபோது முகங்களை உணரும் பகுதியும் இயங்கியது தெரிந்தது. (கற்பனை செய்து பார்ப்பதிலிருந்து இது வேறானது என்பதை நாம் மறக்கலாகாது.)

இக்காட்சிகளுக்கு ஓசை கிடையாது; அவை உண்மையல்ல என்பதையும் காண்பவர் பெரும்பாலும் உணர்ந்திருப்பார். ஆயினும், புத்தி பேதலித்துவிட்டதாகப் பிறர் கருதுவார்களோ என்ற அச்சத்தால் பலர் வாய் திறப்பதில்லை என்பதே எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. கண்ணழுத்த நோயோ விழித்திரைச் சிதைவோ உள்ள முதியவரிடம், இவ்வாறு ஏதும் தெரிகிறதா என்று மருத்துவரும் வீட்டாரும் தாமாகவே கேட்க வேண்டும். விளக்கைப் போடுவதும், கண்களை இடவலமாக நகர்த்துவதும் சிலருக்குக் காட்சியைக் கலைத்துவிடுகின்றன. குரல்களும் கேட்டால், அல்லது காண்பதை மெய்யென்றே அவர் நம்பத் தொடங்கினால், மறதி நோய், மருந்துகளின் பக்கவிளைவு போன்ற வேறு காரணங்களை மருத்துவர் ஆராய்வது அவசியம்.