பழைய எலக்ட்ரிக் காருக்கும் கொஞ்சம் குடுங்கப்பா

நான் வச்சிருக்கறது 2022ல எடுத்த எலக்ட்ரிக் கார். எந்த கம்பெனின்னு சொல்லல, இந்த விலை மேட்டர் எந்த பிராண்ட் ஓனர கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே கதைதான். நான் எடுக்கறப்போ மாடல் புதுசு, வெயிட்டிங் வேற, டிஸ்கவுண்ட்னு வாயத் திறக்கவே முடியாது. இப்ப அதே காசுக்கு பெரிய பேட்டரி, கூட ரேஞ்ச் (ஒரு சார்ஜுக்கு ஓடற தூரம்), வென்டிலேட்டட் சீட்டுன்னு தர்றாங்க. பழைய கார் எடுக்கறவர்கிட்ட ரேட் கேட்டா "சார், புதுசே இந்த விலைக்கு வருதே"ன்றார். வயிறு எரியத்தான் செய்யுது.

ஆனா விலை இறங்கினதுக்கு கம்பெனி மேல கோவப்பட எனக்கு மனசு வரல. ப்ளூம்பெர்க் ஆராய்ச்சி நிறுவனத்தோட கணக்குப்படி 2010ல ஒரு யூனிட் கரண்ட் பிடிக்கற பேட்டரிக்கு ஆயிரம் டாலருக்கு மேல, 2024ல அது 115 டாலர். பேட்டரிக்குள்ள போற லித்தியத்தோட விலை 2022 கடைசில உச்சத்துல இருந்துச்சு, அடுத்த வருஷமே படுத்துருச்சு. 2024 பிப்ரவரில டாடா நெக்ஸான் ஈவிக்கு 1.2 லட்சம் வரைக்கும், டியாகோ ஈவிக்கு 70 ஆயிரம் வரைக்கும் குறைச்சப்பவும் பேட்டரி செல் விலை இறங்குனதத்தான் காரணமா சொன்னாங்க. 2023 ஜனவரில டெஸ்லா விலைய குறைச்சதும் சீனால முந்தி வாங்கினவங்க ஷோரூமுக்கே போய் சண்டை போட்டாங்க, அந்த ஆத்திரம் எனக்கு நல்லாவே புரியுது, ஆனா விலை இறங்குனதாலதான் நிறைய பேர் வாங்கறாங்க, நிறைய பேர் வாங்கறதாலதான் திருச்சி ரோட்ல சாப்பிட நிறுத்தற ஓட்டல்ல எல்லாம் சார்ஜர் வருது, அதுல நானும்தான சார்ஜ் போடறேன்.

எனக்கு நிஜமா வலிக்கறது ஃபீச்சர் விஷயம். அதுலயும் ரெண்டு வகை இருக்கு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க தெருல தண்ணி நிக்கல, ஆனா கரண்ட் போனது போனதுதான். பக்கத்து ஃப்ளாட்காரர் அப்பதான் கார்லருந்து வெளிய கரண்ட் எடுக்கற வசதியோட ஒரு புது வண்டி எடுத்திருந்தார். பார்க்கிங்ல அதுல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி, மேல் வீட்டு பாட்டிக்கு பிளாஸ்டிக் சேர் போட்டு உக்கார வச்சு நெபுலைசர் ஓட்டுனாங்க, பாட்டி கண்ண மூடிட்டு மாஸ்க்க ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு இருந்தாங்க. பக்கத்துலயே என் வண்டி, பேட்டரி முக்காவாசி இருக்கு, ஒரு ஃபேன் ஓட்டக்கூட அதால முடியாது. ஆனா அத நான் குறை சொல்லமாட்டேன். கரண்ட ரெண்டு பக்கமும் விடற சார்ஜர் வண்டிக்குள்ளயே இருக்கணும், என்னுதுல அது கிடையாது.

இன்னொரு வகைதான் தாங்கல. என் மாடல்லயே அடுத்த வருஷம் வந்த வண்டில, அதே பேட்டரி அதே சார்ஜர், 80 பர்சென்ட்ல தானா நிக்கற செட்டிங் குடுத்திருக்காங்க. எனக்கு இல்ல. பேட்டரி ஆயுசுக்காக தினமும் ஃபுல்லா ஏத்த வேணாம்னு நெனச்சா ராத்திரி அலாரம் வச்சு எந்திரிச்சு, லிஃப்ட்ல கீழ போய் ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு வரணும். சர்வீஸ்ல கேட்டா "உங்க வேரியன்ட்டுக்கு அது வராது சார்", அவ்ளோதான். ஏன் வராதுன்னு யாருக்கும் தெரியல.

முடியாத காரியமான்னா, இல்ல. 2023 ஜனவரில நெக்ஸான் ஈவி மேக்ஸோட ரேஞ்ச 437லருந்து 453 கிலோமீட்டரா ஏத்துனாங்க, பேட்டரி அதேதான், சாஃப்ட்வேர்லதான் மாத்துனது, அத ஏற்கனவே வாங்கினவங்களுக்கும் சர்வீஸ் சென்டர்ல போட்டுக் குடுத்தாங்க. அதே மாசம் விலையயும் குறைச்சாங்க! முன்னாடியே கூட காசு குடுத்தவனுக்கும் கைல ஏதோ வந்துச்சுல்ல. அந்த மரியாதைதான் நான் கேக்கறது. சாஃப்ட்வேர்ல வர்றது எதுவா இருந்தாலும் பழைய வண்டிக்கும் போடுங்க, போட முடியாதுன்னா காரணத்த சொல்லுங்க, நாங்க கேட்டுக்குவோம்.

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் "மச்சான், விலை இன்னும் இறங்குமா, வெயிட் பண்ணவா"ன்னு கேட்டான். தினமும் தாம்பரத்துலருந்து அம்பத்தூர் போய் வர்றவன், பெட்ரோலுக்கே அழறான். டெய்லி இவ்ளோ ஓட்டம் இருந்தா இப்பவே எடுடா, ஆனா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி சாஃப்ட்வேர் அப்டேட் எத்தன வருஷம் தருவாங்கன்னு கேட்டு அத மெயில்ல வாங்கிக்கன்னு சொன்னேன். கேட்டிருக்கான், மேனேஜர்கிட்ட பேசிட்டு சொல்றோம்னு சொல்லிருக்காங்களாம்.