குன்னூர்க் குளிரில் தனிக்குடித்தனம்

அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் தனியாக இருக்க ஆசைப்பட்டால், குன்னூர், கோத்தகிரி பக்கம் முதலில் பழக்க வேண்டியது குளிக்க வெந்நீர் கலப்பது. அரை வாளி பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர், பிறகு முழங்கையால் தொட்டுப் பார்ப்பது. வரிசை மாறினால் கை வெந்துவிடும். ஒவ்வொரு படியையும் படம் எடுத்துக் குளியலறைச் சுவரில் ஒட்டுங்கள். நாம் சொல்லிக்கொண்டே இருந்தால் அவர் நம் குரலுக்குத்தான் காத்திருப்பார்.

குளிர் காயக் கரி அடுப்பை அறைக்குள் வைக்கவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. கதவடைத்த அறையில் தூக்கத்திலேயே உயிர் போகும். கம்பளி போதும்.

அவர் சார்பில் முடிவெடுக்கச் சட்டப்படியான காப்பாளர் தேவைப்பட்டால் (எல்லாருக்கும் தேவைப்படாது) 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டத்தில் இதற்கென உள்ள உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுக்கலாம்.

உதவியாளர் முதலில் கூடவே, பிறகு வாசலில், பிறகு போனில். மழைக்காலத்தில் கரண்ட் போகும். டார்ச் எப்போதும் ஒரே ஆணியில் தொங்கட்டும்.