பிங் ஒரு ஐபி, என்எஸ்லுக்அப் வேறு ஐபி

நெட்வொர்க் பிராக்டிக்கல் அன்று தக்கலையில் பஸ் ஏறி நாகர்கோவில் போய்ச் சேரும்வரை போர்ட் எண்களைத்தான் மனப்பாடம் செய்தேன். பெயருக்கு உரிய ஐபியை, அதாவது கணினியின் எண் முகவரியை, சொல்லும் டிஎன்எஸ்ஸுக்கு 53. கணினிக்கு அந்த ஐபியை வழங்கும் டிஹெச்சிபிக்கு 67, 68. தேர்வில் அதை யாரும் கேட்கவில்லை. கிடைத்தது, வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு விண்டோஸ் கணினி. லேப் சர்வரின் ஐபியை பிரவுசரில் அடித்தால் பக்கம் திறக்கும். பெயரை அடித்தால் திறக்காது. "சரி பண்ணுங்க" என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) நகர்ந்துவிட்டார்.

ஐபியில் திறக்கிறதென்றால் கேபிளில் குறையில்லை. பெயரை ஐபியாக மாற்றும் இடத்தில்தான் கோளாறு. இதுவரை சரியாகத்தான் யோசித்தேன். டிஎன்எஸ் சர்வரிடம் பெயரைக் கேட்கும் என்எஸ்லுக்அப் கட்டளையைப் போட்டேன். சரியான ஐபியே வந்தது! குழம்பிப்போய் டிஎன்எஸ் சர்வர் முகவரியை கூகுளின் 8.8.8.8 என்று மாற்றினேன். என்எஸ்லுக்அப்பில் வந்த பதிலும் போயிற்று. லேப்புக்குள் மட்டும் வழங்கும் பெயர் கூகுள் சர்வருக்கு எப்படித் தெரியும்? எங்கள் விளவங்கோடு பக்கத்து விளை வீடு ஒன்றுக்கு சென்னையில் நின்று வழி கேட்டது மாதிரிதான்.

கோளாறு ஹோஸ்ட்ஸ் கோப்பில், அதாவது பெயரையும் அதன் ஐபியையும் கணினிக்குள்ளேயே எழுதி வைக்கும் கோப்பில் இருந்தது. அந்தப் பெயருக்கு நேரே தப்பான ஐபி ஒன்றை எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தப் பெயருக்கு ஒரே ஒரு பிங் (எதிர்க் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்திருந்தால் முதல் வரியிலேயே தப்பான ஐபி தெரிந்திருக்கும். பிங்கும் பிரவுசரும் விண்டோஸிடம் கேட்கும். விண்டோஸ் ஹோஸ்ட்ஸ் கோப்பையும், முன்பு கிடைத்த பதில்களைச் சேர்த்து வைக்கும் கேஷையும் பார்த்த பிறகுதான் சர்வருக்குப் போகும். என்எஸ்லுக்அப் அந்த இரண்டையும் தாண்டி நேராக சர்வரிடமே போய்விடும். அதனால் பிங்கையும் என்எஸ்லுக்அப்பையும் அடுத்தடுத்து அடியுங்கள். ஐபி வேறுபட்டால் முதலில் உங்கள் கணினியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டுமே பெயரைக் கண்டுபிடிக்காவிட்டால் ஐபிகான்ஃபிக் ஆல் (ipconfig /all) என்ற கட்டளையைப் போட்டு டிஎன்எஸ் சர்வர் வரியைப் பாருங்கள். உங்கள் ஐபியே 169.254 என்று தொடங்கினால் டிஹெச்சிபியிடமிருந்து முகவரி வரவில்லை. டிஎன்எஸ்ஸைத் தொடவே வேண்டாம்.

பலர் எடுத்த எடுப்பில் ஃபிளஷ்டிஎன்எஸ் அடிப்பார்கள். கேஷ் போகும், ஹோஸ்ட்ஸ் வரி அப்படியே இருக்கும். அந்தக் கோப்பைத் திருத்த நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். சேமிக்கும்போது கோப்பின் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி (.txt) ஒட்டிக்கொண்டால் விண்டோஸ் அதைச் சீண்டாது. லினக்ஸில் பிங் மாதிரி கேட்பது கெட்என்ட், என்எஸ்லுக்அப் மாதிரி கேட்பது டிக். உபுண்டு லினக்ஸில் டிஎன்எஸ் சர்வர் 127.0.0.53 என்று பார்த்துப் பதற வேண்டாம், அது கணினிக்குள்ளேயே ஓடும், பெயருக்கு ஐபி தேடித் தரும் ரிசால்வர்.

வாய்மொழித் தேர்வான வைவாவில் நான் சறுக்கியது இங்கே: "முதல் டிஎன்எஸ் சர்வர் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்றால் இரண்டாவதிடம் கேட்குமா?" கேட்கும் என்றேன். கேட்காது. 'இல்லை' என்பதும் பதில்தான். முதல் சர்வர் வாயே திறக்காவிட்டால்தான் அடுத்ததிடம் போகும்.

அடுத்த தேர்வுக்குப் படித்ததெல்லாம் கூட்டாளியிடம் கணினியைக் கெடுத்துத் தரச் சொல்லித்தான். தினமும் ஒரு கோளாறு. ஒருநாள் ஹோஸ்ட்ஸ், டிஎன்எஸ், கேஷ் என்று அரைமணி நேரம் முட்டிக்கொண்டிருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "மக்கா, வயர் சொருவியிருக்கான்னு பாத்தியாலே?"